லேத்துக்கு ஒரு பிரேக்

1

டமார்!

கீழே கார் கொட்டகையின் தகரக் கதவு அப்படி அலறி நான் கேட்டதில்லை. மாடியறையில் என் தொடர்கதையின் கதாநாயகி ரயிலைத் தவறவிட இருந்தாள். அவளை நடைமேடையிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். பாதிப் படி இறங்கிய பிறகுதான், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய இன்னொரு சத்தம் வரவில்லை என்பது உறைத்தது. அக்கா கத்தவில்லை.

கொட்டகையில் அக்கா மரத்தூள் குவியலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள். ஸ்டூலுக்கான வட்டப் பலகை ஒன்று கதவோரம் கிடந்தது. அதைக் கவ்விப் பிடித்தபடி, மரம் கடையும் லேத்தின் இரும்புப் பிடியும் கூடவே கிடந்தது. சக் என்பார்கள் அதை. லேத்தின் தண்டில் மரை சுற்றி மாட்டியிருக்கும். ஓடுகிற லேத்து சட்டென்று நின்றது. சக் நிற்கவில்லை. தானாகவே மரை கழன்று, பலகையோடு பறந்து, அக்காவின் தோளை இடித்து, கதவில் போய் விழுந்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "பலகை பிளந்துடுச்சா பாரு."

இந்தக் கதை அந்தச் சத்தத்தில் பிறந்தது. வேறு எங்கும் பிறக்கவில்லை. 'பேருந்தில் ஒருவர் சொன்னார்', 'நண்பருக்கு நேர்ந்தது' என்றெல்லாம் வாராவாரம் உங்களிடம் கதை விட்டிருக்கிறேன். இந்த முறை இல்லை. அக்காவின் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்த லேத்தை ஏற்றிக்கொண்டு போக வேன் வருகிறது. கொடுப்பதா வேண்டாமா என்று எல்லோரும் பேசிவிட்டார்கள், அக்காவைத் தவிர.

நான் கோபத்தில் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லாதீர்கள்.

2

இதை எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று தாள் கிழித்தேன்.

முதல் தாள்: 'அவளுடைய விரல்கள் மரத்தோடு பேசும்.' (அடித்துவிட்டேன். யாரும் மரத்தோடு பேசவில்லை. ரேடியோவில் பாட்டு ஓடும், அக்கா கூடவே வரிகளைத் தப்புத் தப்பாகப் பாடுவாள். மரம் பாவம், கேட்டுக்கொண்டிருக்கும்.)

இரண்டாம் தாள்: 'அத்தான் தங்கமான மனிதர். ஆனால்' (நிறுத்திவிட்டேன். இந்த 'ஆனால்' இல்லாமல் ஒரு கணவனைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. அது என் கோளாறா, கணவர்களின் கோளாறா என்று பிறகு பார்க்கலாம்.)

மூன்றாம் தாளில் வெறும் விஷயத்தை எழுதினேன். அது தேறியது. இதுதான் அது:

அக்கா ஸ்டூல் பலகைகள் கடைவாள். கார் வாங்காத வீட்டில் கார் கொட்டகை எதற்கு என்று கேட்டு அந்த இடத்தைப் பிடித்தாள். மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து லேத்து வந்தது. நல்ல லேத்து. ஒரே ஒரு குறை, அணைத்தால் நிற்காது. சுவிட்சை அணைத்த பிறகும் கனமான பலகை சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடியோவில் பல்லவி ஆரம்பிக்கும்போது அணைத்தால் சரணத்தில்தான் நிற்கும். அதுவரை அக்கா என்ன செய்வாள்? எல்லா லேத்துக்காரர்களும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டுச் செய்வதைச் செய்வாள். சுற்றும் பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தி நிறுத்துவாள். உள்ளங்கை நடுவே செருப்புத் தோல் மாதிரி ஒரு பட்டை காய்த்திருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அத்தான், "கையை வெச்சு நிறுத்துறியா? இரு, நான் பிரேக் போட்டுத் தர்றேன்" என்றார்.

* அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஆட்கள் நிறைந்த பெட்டியை உள்ளங்கை அகலம்கூடப் பிசகாமல் நிறுத்துகிறவர். ஒரு ஸ்டூல் பலகை அவருக்கு எம்மாத்திரம்? அவரும் அப்படித்தான் நினைத்தார்.

3

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் வருகிறது. பக்கத்தைப் புரட்டாதீர்கள். புரட்டினால் யார்மேல் கோபப்படுவது என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் டிரைவ் பெட்டி ஒன்றை அத்தான் லேத்தின் பக்கத்துச் சுவரில் பொருத்தினார். அணைத்ததும் சீக்கிரம் நிற்கும்படி அதில் ஏற்பாடு செய்தார். முதல் நாள் பரீட்சை. அக்கா அணைத்தாள். பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பலகை எப்போதும்போல ஆடி அசைந்து தன் இஷ்டத்துக்கு நின்றது.

"உங்க பிரேக் கோவிச்சுக்கிச்சு" என்றாள் அக்கா.

"கோவம் இல்ல, அஜீரணம்" என்றார் அத்தான். "ஓடுற மோட்டாரைப் பிடிச்சு நிறுத்தினா அது டைனமோ ஆயிடும். அதுவரைக்கும் கரன்ட்டைத் தின்னது, இப்ப கரன்ட்டைத் திருப்பி அனுப்பும். அது பெட்டிக்குள்ள வந்து சேருது. பெட்டிக்கு அதை வெச்சுக்க இடம் இல்ல. வோல்டேஜ் ஏறுது, தாங்கல, எனக்கு வேணாம்னு கையைத் தூக்கிடுது."

"அப்ப அதை வாங்கிக்க ஒரு ஆள் வேணும்."

"அதேதான்! அப்படிக் கேளு!"

அக்கா கேட்கவில்லை, சொன்னாள். அத்தானுக்கு அந்த வித்தியாசம் எப்போதும் பிடிபடாது. (இந்த வரியை அக்கா அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை.)

வாங்கிக்கொள்ள வந்த ஆள், கழித்துப்போட்ட ஒரு பழைய லிஃப்டிலிருந்து வந்தான். பீங்கான் உருளையில் கம்பி சுற்றிய ரெசிஸ்டர். முழங்கை நீளம், மேலே ஓட்டை போட்ட தகரக் கூடு. லிஃப்ட் இறங்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் கரன்ட்டை எல்லாம் வாங்கி, சூடாக்கி, காற்றில் விட்டுவிடுவது அதன் தொழில். மரத்தூள் பறக்கிற இடத்தில் சூடான சாமான் கூடாது என்று அதைக் கொட்டகைக்கு வெளியே சன்னலை ஒட்டிப் பொருத்தினார். இதில் எல்லாம் அத்தான் கெட்டி. அவரைத் திட்டுவதற்காக உட்கார்ந்திருக்கிற நானே சொல்கிறேன்.

அத்தானின் அம்மா வந்து கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவும் நானும் அவளை அத்தை என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

"லேசா சூடு இருக்கே. இதுல ஒரு டீ போடலாமா?"

"ஒரு தடவை நிறுத்தினா ஒரு ஸ்பூன் தண்ணி வெதுவெதுன்னு ஆகும்மா."

"அப்ப ஒரு டீக்கு எத்தனை தடவை நிறுத்தணும்?"

"டீக்கடை வெச்சா லேத்தை நிறுத்திட்டே இருக்கணும்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து அத்தை சமையலறைத் துணியை அந்தக் கூட்டின்மேல் காயப்போட ஆரம்பித்தாள். காற்றுப் போக வேண்டிய ஓட்டையை அடைக்காதே என்று அத்தான் எடுத்துப் போடுவார். அவள் திரும்பப் போடுவாள்.

கடைசியாக, பெட்டியின் வெளியே ஒரு குமிழ். 'நிற்கும் நேரம்' என்று அத்தான் தன் கோழிக் கிறுக்கலில் எழுதி ஒட்டினார். குமிழை ஏற்றினால் லேத்து மெதுவாக நிற்கும், இறக்கினால் சட்டென்று நிற்கும். அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"பெரிய பலகைன்னா இந்தக் கோட்டுக்குக் கீழ இறக்காத."

"இறக்கினா?"

"பெட்டி ட்ரிப் ஆயிடும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் ஆகாது."

வேற ஒண்ணும் ஆகாது! இந்தச் சொற்றொடருக்கு யாராவது ஒரு சட்டம் போட வேண்டும்.

ஏனென்றால் பெட்டி ட்ரிப் ஆகவில்லை. லிஃப்டைத் தாங்கிய ரெசிஸ்டர் அது. ஸ்டூல் பலகையை அது பசியில்லாமலே விழுங்கியது. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது. குமிழைக் கடைசிவரை இறக்கியபோதும் வாங்கிக்கொண்டது. மோட்டார் ஒரே மூச்சில் நின்றது. லிஃப்டில் கயிறு சுற்றும் உருளையை அச்சோடு ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள், அது எங்கும் போகாது. மரை சுற்றி மாட்டிய சாமான், திடீரென்று நிறுத்தினால் தானாகக் கழலும் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றவில்லை. சக்கைத் தண்டோடு பூட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். அந்த ஸ்க்ரூ போடவில்லை.

4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாயங்காலம். அக்கா சாய்வு நாற்காலியில், கை தூளியில். கூடத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் தொழில் மெருகு எதையும் பூசவில்லை.

அத்தை: "எத்தனை விரலை டப்பாவுல போட்டுக் கொண்டாந்தாங்க, எத்தனை பேருக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன்! அப்பவே சொன்னேன், வீட்டுக்குள்ள இந்த சாமான் வேணாம்னு. அப்பவே சொன்னேன்."

அத்தான்: "அம்மா, மிஷின்ல தப்பு இல்ல. பிரேக் அது பாட்டுக்கு ஒழுங்கா வேலை பண்ணிச்சு."

நான்: "ஒழுங்கா வேலை பண்ணித்தான் எலும்பு முறிஞ்சுதா?"

அத்தான்: "நீ சும்மா இரு மாப்ளே. குமிழ் அடியில கிடக்கு. யாரோ கோட்டுக்குக் கீழ இறக்கியிருக்காங்க."

நான்: "யாரோன்னா? ஞாயித்துக்கிழமை உங்க லிஃப்ட் ஆளுங்க ரெண்டு பேரைக் கூட்டியாந்து, 'பாருங்கடா நம்ம பிரேக்கை'ன்னு சட்டுசட்டுனு நிறுத்திக் காட்டினது யாரு? கைதட்டினாங்களே, மாடி வரைக்கும் கேட்டுதே!"

அத்தான்: "காட்டிட்டுக் கோட்டுல திருப்பி வெச்சுட்டேன்!"

அத்தை: "துணி காயப்போட்டதாலயா இருக்குமோ?"

அத்தான்: "அம்மா!"

அக்கா: "விடுங்க. போதும்."

நான்: "எப்படி விடுறது? உனக்கு இல்லாட்டி எனக்கு வேகுது."

அத்தை: "எனக்கு ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்ல. நாளைக்கே அது கழுத்துல பட்டிருந்தா? ஃபர்னிச்சர் கடைக்காரரு லேத்து கேட்டுட்டிருந்தாரு. சனிக்கிழமை வேன் அனுப்பச் சொல்லிட்டேன்."

அத்தான்: "அதுவும் சரிதான். தோள் ஆறட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

அக்கா: "நான் சொல்றதை"

(இந்த வாக்கியத்தை நான் முடிக்காமல் விடவில்லை. கூடத்தில்தான் முடியவில்லை. அத்தை மாத்திரை நேரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள், அத்தான் டிரைவ் பெட்டியைப் பற்றி ஆரம்பித்தார், நான் அத்தானைப் பற்றி ஆரம்பித்தேன்.)

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் மாடிக்கு வந்தேன். எழுத உட்கார்ந்தேன். கோபம் என்றால் கோபம், பேனா முனை தாளைக் கிழித்தது.

5

பாதிக் கதையை எழுதி முடித்து, பத்திரிகை ஆசிரியருக்குப் போனில் படித்துக் காட்டினேன். இவரை உங்களுக்குத் தெரியாது. உங்களை இவருக்குத் தெரியும் என்று இவர் நினைக்கிறார்.

"என்ன சார் இது, மோட்டார், மரை, ரெசிஸ்டர்னு? பக்கத்துல வர்றது குக்கர் விளம்பரம்!"

"அக்காவுக்கு நடந்தது சார்."

"அடடா. எப்படி இருக்காங்க? நல்லா இருக்காங்களா? சரி, கேளுங்க. ஒரு யோசனை. 'மோட்டாரின் வேகம் சூடாகி வெளியேறுவதுபோல, பெண்ணின் கோபமும் எங்கோ ஓரிடத்தில்' அப்படின்னு ஒரு வரி போடுங்க. தூக்கிடும்."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"ரெசிஸ்டர் ரெசிஸ்டராவே இருக்கட்டும் சார். அது சன்னலுக்கு வெளிய நின்னு அதோட வேலையைப் பார்த்தது. அதைப் போய் எங்கக்கான்னு சொல்ல முடியாது."

"சரி, முடிவு என்ன?"

"தெரியல."

"முடிவு தெரியாம என்ன சார் கதை? புருஷன் கண் கலங்கணும். மாமியார் மனசு மாறணும். லேத்துல மறுபடி ஒரு பலகை கடையணும். அந்தப் பலகையில மாமியார் உட்காரணும். எப்படி?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இருபது வருஷமாக நான் அவருக்கு எழுதிக்கொடுத்த முடிவுகள் அப்படிப்பட்டவைதான் என்பதை நினைத்து இன்னொரு தடவை கோபம் வந்தது. இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? நடைமேடையில் நிற்கும் கதாநாயகிதான் கிடைத்தாள். அந்த வாரம் அவளுடைய பெட்டி திருடு போனது.

6

முடிவுகள். மூன்று இருக்கின்றன. உங்கள் முன்னால் விரித்து வைக்கிறேன்.

முதல் முடிவு, ஆசிரியருடையது. மேலே சொல்லிவிட்டேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாங்கிய பிறகு என் வீட்டு வாசலுக்கு வராதீர்கள்.

இரண்டாம் முடிவு, அத்தையுடையது. லேத்து போகிறது. கொட்டகை காலியாகிறது. அக்கா முழு உடம்போடு, பத்து விரலோடு நீண்ட காலம் வாழ்கிறாள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. டப்பாவில் வந்த விரல்களைப் பார்த்தவள் எழுதிய முடிவு இது. அந்தக் கொட்டகையில் பிறகு என்ன வைப்பார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். "பழைய சாமான் போடலாம்" என்றாள்.

மூன்றாம் முடிவு, என்னுடையது. இதில் அத்தான் குற்றவாளி. தன் ஆட்களுக்கு வேடிக்கை காட்டக் குமிழை இறக்கினார், திருப்பி வைக்க மறந்தார், மறந்ததை மறைத்தார். நான் எல்லோர் முன்னிலும் அதை அவிழ்க்கிறேன். அத்தான் தலை குனிகிறார். வேன் வெறுமனே திரும்புகிறது.

இந்த மூன்றாம் முடிவு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், நடந்தே ஆக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். அத்தான் லேத்தின் முன்னால் குந்தியிருந்தார். சக்கில் துளை போட்டு ஒரு பூட்டு ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேன்ல போற சாமானுக்கு இப்ப எதுக்கு ஸ்க்ரூ?"

"போற இடத்துலயும் ஒருத்தன் முன்னால நிப்பான்ல?"

அந்தப் பதில் எனக்குச் சௌகரியமாக இல்லை. குற்றவாளி இப்படிப் பேசக்கூடாது. (கதையிலிருந்து இதை எடுத்துவிட நினைத்தேன். விட்டுவிட்டேன்.)

"அத்தான், உண்மையைச் சொல்லுங்க. குமிழை நீங்கதானே இறக்கினீங்க?"

ஸ்பேனரைக் கீழே வைத்தார். எழுந்தார். என்னைவிட உயரம். அப்போதுதான் பார்த்தேன், கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எத்தனை தடவைடா சொல்றது? ஸ்க்ரூ போடாதது என் தப்பு. இந்தக் குமிழை இவ்வளவு கீழ வர்ற மாதிரி வெச்சது என் தப்பு. பெட்டியைப் பத்தி மட்டும் யோசிச்சேன், மரையைப் பத்தி யோசிக்கல, அதுவும் என் தப்பு. இதையெல்லாம் எழுது. ஆனா குமிழை நான் கோட்டுல வெச்சுட்டுத்தான் போனேன். நீ எனக்குப் பிடிச்ச மாதிரி எழுத வேணாம். உனக்குப் பிடிச்ச மாதிரியும் எழுதாத."

"அப்ப யாரு இறக்கினா? காத்தா?"

"யாரா வேணா இருக்கட்டும்! அடிபட்டது என் பொண்டாட்டிடா. உன் கதாபாத்திரம் இல்ல!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!"

அத்தான் இன்னும் ஒரு வாக்கியம் பேசினார். நான் இன்னும் இரண்டு பேசினேன்.

* அந்த இரண்டு வாக்கியங்களை இங்கே தரவில்லை. ஒன்று அத்தானின் அப்பாவைப் பற்றியது. அவர் இந்தக் கதையில் இல்லை.

7

சனிக்கிழமை. இதை நடக்க நடக்க எழுதுகிறேன்.

வேன் வந்துவிட்டது. ஃபர்னிச்சர் கடையிலிருந்து இரண்டு ஆட்கள், கயிறு, இரண்டு மரத்தடி. அத்தை வாசலில் நின்று அவர்களுக்கு எப்படித் தூக்க வேண்டும், எங்கே கால் வைக்க வேண்டும், நகம் பிய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அத்தான் டிரைவ் பெட்டியின் ஒயர்களைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். அடிபட்ட பிறகு படி ஏறியது இதுதான் முதல். என் மேசைமேல் கிடந்த தாள்களை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தாள். டீக்கடை வரியில் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருடா இவ?"

"எவ?"

"இதுல வர்றவ. எல்லாரும் கத்துறாங்க, இவ நாற்காலியில கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கா. ஆம்பிளைங்க சண்டை போடுறாங்க, இவ உள்ள இருந்து குரல் குடுக்குறா. பாவம்னு நெத்தியில ஒட்டிவிட்டிருக்க."

"நீ பாவம் இல்லையா?"

"எனக்குக் கோவம் வருதுடா! உனக்கு மட்டும்தான் வருமா? பக்கம் பக்கமா உன் கோவம்தான் இருக்கு. அவரு கோவம் இருக்கு, அத்தை பயம் இருக்கு, உன் ஆசிரியரோட குக்கர்கூட இருக்கு. என்னோடது எங்க?"

தாள்களை எடுத்து நானே தேடிப் பார்த்தேன். எழுத்தாளனுக்கு வரக்கூடாத நிலைமை.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

"அவரு இறக்கல" என்றாள். "அவரை விடு."

"அப்ப?"

"நான்தான்."

"தெரியாம கை பட்டுச்சா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்ன வயதுக்குப் போய்விட்டேன்.

"லேத்து பிடிக்கிறவ நான். தினம் சக்கை மாட்டி, தினம் சக்கைக் கழட்டுறவ நான். எந்தப் பக்கம் சுத்தினா இறுகும், எந்தப் பக்கம் சுத்தினா கழலும்னு எனக்குத் தெரியாதா? அவரு போட்ட கோட்டை விட்டு முதல்ல ஒரு நூல் இறக்கினேன். ஒண்ணும் ஆகல. இன்னொரு நூல். அப்புறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் சக்கைக் கையால தட்டிப் பார்ப்பேன், லேசா இளகியிருக்கும். இறுக்கிட்டு மறுபடியும் போடுவேன். அன்னிக்குக் கடைசி வரைக்கும் இறக்கினேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

(ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று முடிவுகளும் அதோடு செத்துப்போயின. அத்தானின் அப்பாவைப் பற்றிய வாக்கியத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.)

கீழிருந்து அத்தான் குரல்: "மாப்ளே! அவ என்னதான் சொல்றா? ஏத்தட்டுமா, வேணாமா?"

அத்தை குரல்: "அதான் பேசியாச்சே, ஏத்துங்கப்பா!"

அத்தான்: "இரும்மா! அவ சொல்லட்டும்!"

வாசகர்களே, இங்கிருந்து உங்கள் பாடு. வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு ஆட்களும் லேத்தின் அடியில் மரத்தடியைச் செருகிவிட்டார்கள். ஒரு வார்த்தை போதும், தூக்கிவிடுவார்கள். இன்னொரு வார்த்தை போதும், உருவிவிடுவார்கள். அந்த வார்த்தையை நான் எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இருப்பதாக நேற்றுவரை நினைத்திருந்தேன். அத்தான் இப்போது அந்த லேத்தில் பூட்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறார், இனி அது கழலாது. அதே சமயம், கழலும் என்று தெரிந்தே குமிழை இறக்கியவள் அக்கா. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என்ன முடிவு செய்தாலும், அதற்கு முன் அக்கா சொன்னதைக் கேட்டுவிடுங்கள்.

ஏனென்றால் நான் கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன், குரல் உயர்ந்துதான் இருந்தது. "அப்படி என்னக்கா அவசரம் உனக்கு? கொஞ்சம் நேரம் சுத்திட்டு நின்னா என்ன குறைஞ்சு போச்சு?"

அக்கா எழுந்தாள். தூளியைச் சரிசெய்துகொண்டு படிப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லடா. இந்த வீட்டுல, நான் நில்லுன்னு சொன்ன உடனே நின்னது அது ஒண்ணுதான்."